டிஏபி கூடினால் ஜிங்க் குறையும்: சம்பா வயலில் உரங்கள் ஒன்றோடொன்று மோதும் கணக்கு

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருவாரூர்ப் பக்கம் களிமண் வயல். சம்பாவுக்கு சிஆர் 1009 என்ற நீண்ட கால நெல் ரகம் நட்டு மூன்றரை வாரம் ஆகிறது. அடியுரமாக ஏக்கருக்கு 2 மூட்டை டிஏபி (தழைச்சத்தும் மணிச்சத்தும், அதாவது நைட்ரஜனும் பாஸ்பரஸும் உள்ள உரம்), அதோடு 10 கிலோ ஜிங்க் (துத்தநாக) சல்பேட்டையும் ஒன்றாகக் கலந்து வீசியிருக்கிறார்கள். சாம்பல் சத்து தரும் பொட்டாஷ் போடவில்லை. ஆற்றுத் தண்ணீர் வராத நாட்களில் போர் தண்ணீர் பாய்கிறது, அது காய்ந்த இடத்தில் வரப்போரம் வெள்ளை படிகிறது. இப்போது பயிர் திட்டுத் திட்டாக வெளிறி, குட்டையாக, தூர் கட்டாமல் நிற்கிறது. இலையில் துரு நிறத்தில் புள்ளிகள். நடவு முடிந்து 15 நாளில் ஒரு மூட்டை யூரியா போட்டும் பச்சை பிடிக்கவில்லை. கடைக்காரர் இன்னொரு மூட்டை யூரியாவும் ஒரு டானிக்கும் போடச் சொல்கிறார். போடலாமா, சமச்சீர் உரம் என்று எல்லோரும் சொல்வது உண்மையில் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசரமானது முதலில். அந்த யூரியாவை இப்போது போடாதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் ஜிங்க் பற்றாக்குறையைத்தான் காட்டுகின்றன. வயலில் இறங்கி இதை உறுதி செய்துகொள்ளுங்கள். குருத்தை ஒட்டிய இளம் இலைகளில், அடிப்பாகத்தில் நடுநரம்பு வெளுத்திருக்கும். கீழ் இலைகளில் பழுப்புப் புள்ளிகள் தோன்றி, ஒன்றோடொன்று சேர்ந்து, இலையே துருப்பிடித்ததுபோல் ஆகும். நட்ட 2 முதல் 4 வாரத்தில் வரும். வயல் முழுக்க ஒரே சீராக வராது. தண்ணீர் அதிகம் தேங்கும் பள்ளத்திலும், சமன் செய்யும்போது மேல்மண் வழித்தெடுத்த மேட்டிலும் கூடுதலாக இருக்கும். கீழ் இலைகள் நுனியிலிருந்து ஒரே சீராக மஞ்சளாகி, புள்ளி எதுவும் இல்லாமல் இருந்தால் அது தழைச்சத்துக் குறைவு. இலை ஆரஞ்சு கலந்த மஞ்சளாகி, பச்சைத் தத்துப்பூச்சியும் தென்பட்டால் துங்ரோ வைரஸ் நோயாக இருக்கலாம். அப்படிச் சந்தேகம் வந்தால் இரண்டு குத்தைப் பிடுங்கிக்கொண்டு உடனே வேளாண்மை அலுவலரிடம் காட்டுங்கள். அதற்கு உரத்தில் மருந்து இல்லை.

ஜிங்க்தான் என்று தெரிந்தால், தேங்கிய தண்ணீரை வடித்து 2, 3 நாள் வயலைக் காற்றாட விடுங்கள். ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ ஜிங்க் சல்பேட், 2 கிலோ யூரியா கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலை நனையத் தெளியுங்கள். ஒரு வாரம், பத்து நாள் கழித்து மறுபடியும் ஒரு தெளிப்பு. புதுக் குருத்து பச்சையாக வருவதுதான் குணம் தெரிவதன் அடையாளம். பழைய இலையில் விழுந்த புள்ளி மறையாது, அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். டானிக்குக்குச் செலவழிக்கிற பணத்தைப் பொட்டாஷுக்கு எடுத்து வையுங்கள்.

இனி, 10 கிலோ ஜிங்க் போட்டும் ஏன் பற்றாக்குறை வந்தது என்ற விஷயம்.

முதல் காரணம், இரண்டையும் கலந்ததுதான். டிஏபி குருணை கரையும்போது அதைச் சுற்றி மணிச்சத்து மிக அடர்த்தியாகவும், கொஞ்சம் காரத்தன்மையோடும் இருக்கும். பக்கத்திலேயே ஜிங்க் சல்பேட் கிடந்தால் இரண்டும் சேர்ந்து தண்ணீரில் கரையாத பாஸ்பேட்டாக மாறிவிடும். கைக்காசு கொடுத்து வாங்கிய இரண்டு சத்தும் ஒன்றையொன்று கட்டிப்போட்டுவிட்டன. ஜிங்க் சல்பேட்டை எப்போதும் தனியாக, ஏக்கருக்கு 10 கிலோவை 20 கிலோ காய்ந்த மணலோடு கலந்து, கடைசி உழவும் பரம்படிப்பும் முடிந்த பிறகு, நடவுக்குச் சற்று முன்னால் மேலாகத் தூவ வேண்டும். மண்ணுக்குள் ஆழமாக உழுது புதைக்கக் கூடாது. டிஏபியைக் கடைசி உழவிலேயே போட்டு மண்ணோடு கலந்துவிட்டால் இரண்டுக்கும் இடைவெளி கிடைத்துவிடும்.

இரண்டாவது, மண்ணில் மணிச்சத்து அளவுக்கு மேல் இருந்தாலே பயிர் ஜிங்க்கை எடுப்பது குறையும். வேர் எடுத்ததும் தண்டுக்கும் இலைக்கும் ஏறாமல் வேரோடு தங்கிவிடும். உங்கள் கணக்கைப் பாருங்கள். டிஏபியில் 18 சதவீதம் தழைச்சத்து, 46 சதவீதம் மணிச்சத்து. 2 மூட்டை, அதாவது 100 கிலோ போட்டால் 46 கிலோ மணிச்சத்து விழுகிறது. டெல்டாவில் மத்திய, நீண்ட கால ரகங்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து முறையே 150:50:50 கிலோ. ஏக்கருக்கு 60:20:20. அதாவது தேவைப்பட்டது 20 கிலோ, போட்டது 46. ஒரு மூட்டைக்கும் குறைவான டிஏபி போதுமாக இருந்த இடத்தில் இரண்டு மூட்டை போயிருக்கிறது. இது ஒரு வருஷத்துக் கதையாக இருக்காது. போகத்துக்குப் போகம் இப்படிப் போட்ட வயல்களில் மண் பரிசோதனை செய்தால், பயிருக்குக் கிடைக்கும் மணிச்சத்து ஹெக்டேருக்கு 22 கிலோவைத் தாண்டி உயர்வு நிலை என்று வருவதைப் பார்க்கலாம். மணிச்சத்து யூரியாவைப் போல் ஆவியாகியும் கரைந்தும் போய்விடாது, மண்ணிலேயே சேரும்.

மூன்றாவது காரணம் தண்ணீர். நெல்லின் உர விஷயத்தில் இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கரும்பு, மக்காச்சோளத்துக்குச் சொல்லும் உரக் கணக்கு நெல்லுக்கு அப்படியே பொருந்தாததற்கும் இதுதான் காரணம். வயலில் தண்ணீர் நின்றதும் மண்ணில் காற்று தீர்ந்துபோகிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் பிராணவாயுவுக்குப் பதிலாக முதலில் நைட்ரேட்டை, பிறகு மாங்கனீசை, இரும்பை, கடைசியில் கந்தகத்தைப் பயன்படுத்தத் தொடங்கும். நீரில் மூழ்கிய மண்ணின் இந்த வேதியியலை வரிசைப்படுத்திக் காட்டியவர் இலங்கையில் பிறந்த பெலிக்ஸ் பொன்னம்பெரும. பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் அவர் செய்த வேலையின் மேல்தான் இன்றைய நெல் உரப் பரிந்துரைகள் பெரிதும் நிற்கின்றன. இந்த மாற்றத்தில் இரும்போடு பிணைந்து கிடந்த மணிச்சத்து விடுபட்டுப் பயிருக்குக் கிடைக்கிறது. தண்ணீர் நிற்கிற வயலில் மணிச்சத்து தானாகவே கூடுகிறது என்றே சொல்லலாம். ஜிங்க் நேர்மாறு. தண்ணீர் நிற்க நிற்க அது கார்பனேட்டாகவும் சல்பைடாகவும் மாறி அடங்கிவிடும். கரைந்து பெருகும் இரும்பும் வேரில் அதோடு போட்டியிடும்.

ஆக, தண்ணீர் கட்டும்போது மணிச்சத்து ஏறுகிறது, ஜிங்க் இறங்குகிறது. அதன் மேல் நாம் இரண்டு மூட்டை டிஏபி போடுகிறோம். அதற்கும் மேல் உங்கள் போர் தண்ணீர். வரப்பில் வெள்ளை படிகிறது என்றால் அதில் உப்பும் பைகார்பனேட்டும் இருக்க வாய்ப்பு அதிகம். பைகார்பனேட் நெல் வேர் ஜிங்க் எடுப்பதை நேரடியாகவே தடுக்கும். மூன்றும் ஒரே வயலில் கூடியதால்தான் போட்ட 10 கிலோவும் பயிரின் கணக்கில் வராமல் போயிற்று.

இந்த நோய்க்கே ஒரு வரலாறு உண்டு. அன்றைய உத்தரப் பிரதேசத்தின் தராய் பகுதியில், அதாவது இமயமலை அடிவாரச் சமவெளியில், கைரா என்று சொல்லி, கிருமியால் வருவதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1966-ல் பந்த்நகர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஒய். எல். நேனே, இது ஜிங்க் பற்றாக்குறை என்று காட்டினார். நெல்லுக்கு ஜிங்க் போடுவது நாட்டில் பரவியதே அதற்குப் பிறகுதான். இன்றைக்கும் புள்ளியைப் பார்த்ததும் பூஞ்சாணக்கொல்லி வாங்கித் தெளிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

அடுத்து, நீங்கள் போடாமல் விட்ட பொட்டாஷ். எனக்கு ஜிங்க்கைவிட இதுதான் பெரிய கவலை. ஜிங்க் குறைந்தால் வயல் உடனே காட்டிக்கொடுத்துவிடும். பொட்டாஷ் குறைவு பல வருஷம் வெளியே தெரியாமல் விளைச்சலைத் தின்னும்.

நெல் தழைச்சத்தை எவ்வளவு எடுக்கிறதோ ஏறக்குறைய அதே அளவு சாம்பல் சத்தையும் எடுக்கிறது. யூரியா போட்டுப் பயிரை வேகமாக வளர்த்தால் பொட்டாஷ் தேவையும் கூடவே ஏறும். அந்த நேரத்தில் பொட்டாஷ் கிடைக்காவிட்டால், உள்ளே போன தழைச்சத்து புரதமாக மாறாமல் அமினோ அமிலமாகவும், சர்க்கரை மணிக்குப் போகாமல் இலையிலும் தண்டிலும் தேங்கிவிடும். புகையான் பூச்சிக்கும் குலை நோய்க்கும் இதைவிட நல்ல தீனி கிடையாது. இலை பார்க்கக் கருகருவென்று பச்சையாக இருக்கும், பக்கத்து வயல்காரர் பாராட்டிவிட்டுப் போவார். அப்புறம் இலைச்சுருட்டுப் புழு, இலை உறை கருகல், பாக்டீரியா இலைக்கருகல் என்று ஒவ்வொன்றாக வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பயிர் சாயும். கருக்காய் (மணி பிடிக்காத பதர்) கூடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மருந்து வாங்கித் தெளித்துவிட்டு, இந்த வருஷம் பூச்சி அதிகம் என்று சொல்லிக்கொள்கிறோம். யூரியாவைக் கொஞ்சம் குறைத்து, மிச்சமாகும் காசோடு இன்னும் சேர்த்துப் பொட்டாஷ் வாங்கியிருந்தால் அந்த மருந்துச் செலவில் ஒரு பகுதி வந்திருக்காது.

விவசாயியை மட்டும் குறை சொல்ல நான் தயாரில்லை. 2010 ஏப்ரலில் சத்து அடிப்படையிலான மானியத் திட்டம் வந்தபோது டிஏபி, பொட்டாஷ், பல சத்து சேர்ந்த காம்ப்ளக்ஸ் உரங்கள் அதற்குள் போயின; யூரியா மட்டும் அரசு நிர்ணயித்த விலையில் வெளியே நின்றது. 45 கிலோ யூரியா மூட்டை ரூ.266.50-க்குக் கிடைக்கும்போது பொட்டாஷ் மூட்டை அதைப்போல் பல மடங்கு விலை. கையில் இருக்கும் காசுக்கு எதை வாங்குவார்கள்? விலையே வயலைச் சாய்த்துவிட்டது.

வைக்கோலையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நெல் எடுக்கும் சாம்பல் சத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வைக்கோலில்தான் இருக்கிறது. மணியோடு போவது கொஞ்சம்தான். ஒரு டன் வைக்கோலில் ஏறத்தாழ 14 முதல் 20 கிலோ வரை சாம்பல் சத்து இருக்கும். ஏக்கருக்கு 2 டன் வைக்கோலைக் கட்டுக்கட்டாகக் கட்டி லாரியில் ஏற்றினால், அதோடு ஒரு மூட்டைப் பொட்டாஷுக்குச் சமமான சத்து வயலை விட்டுப் போகிறது. முன்பு வைக்கோல் வீட்டு மாட்டுக்குப் போய், சாணமாக வயலுக்குத் திரும்பியது. காவிரி வண்டலும் கொஞ்சம் கொண்டுவந்து சேர்த்தது. 1934-ல் மேட்டூர் அணை முடிந்த பிறகு வண்டலின் பெரும்பகுதி அணைக்குள்ளேயே படிந்துவிடுகிறது. இப்போது கட்டும் இயந்திரம் வந்து வைக்கோலும் போகிறது. வைக்கோலை விற்க வேண்டாம் என்று சொல்லவில்லை, அது நல்ல வருமானம். விற்ற காசில் ஒரு பங்கைப் பொட்டாஷாக வயலுக்குத் திருப்பிக் கொடுங்கள். விற்காதவர்கள் கொளுத்தாமல் மடக்கி உழுதுவிடுங்கள்.

கந்தகத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அம்மோனியம் சல்பேட்டும் சூப்பர் பாஸ்பேட்டும் போட்ட காலத்தில் கந்தகம் கூடவே வந்தது. தனியாக யாரும் கேட்கவில்லை. யூரியா, டிஏபிக்கு மாறிய பிறகு அது நின்றது. கந்தகம் குறைந்தாலும் பயிர் மஞ்சளாகும், ஆனால் மேல் இலையில் தொடங்கும். தழைச்சத்துக் குறைவு கீழ் இலையில் தொடங்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் கந்தகக் குறைவுக்கு யூரியா போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். ஏக்கருக்கு 200 கிலோ ஜிப்சம் கடைசி உழவில் போட்டால் கந்தகமும் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். உவர் ஏறும் உங்கள் வயலுக்கு அது இன்னொரு வகையிலும் நல்லது.

சரி, இப்போது சமச்சீர். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றையும் சமமாகப் போடுவது என்று சிலர் நினைக்கிறார்கள், அவற்றுக்கு 4:2:1 என்ற விகிதத்தைச் சிலர் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த விகிதம் ஒரு நாட்டின் மொத்த உர விற்பனையைப் பார்த்துப் பேசுவதற்கு உதவும், ஒரு வயலுக்கு அதை மருந்துச் சீட்டாக எழுத முடியாது. என் பார்வையில் சமச்சீர் உரமிடல் இரண்டு வேலை. வயலில் எது குறைவோ அதைக் கண்டு ஈடுகட்டுவது ஒன்று. எது சேர்ந்து கிடக்கிறதோ அதை நிறுத்துவது இன்னொன்று. இரண்டாவது வேலையைச் செய்யத்தான் ஆள் இல்லை. ஏனென்றால் ஒரு சத்துக் குறைவாக இருக்கும்போது மற்றதைக் கூட்டினால் விளைச்சல் கூடாது, அந்தக் குறைவுதான் கூர்மையாகும். உங்கள் வயலில் 15-ம் நாள் போட்ட யூரியா செய்ததும் அதுதான்: பயிரை வளரத் தூண்டியது, வளர்ச்சிக்கு வேண்டிய ஜிங்க் இல்லை, பற்றாக்குறை இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. 1970 தொட்டு நாட்டின் பல இடங்களில் நடக்கும் நீண்டகால உர ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. தழைச்சத்து மட்டும் போட்ட பாத்திகள் ஆண்டு செல்லச் செல்லப் பின்தங்கின, எல்லாச் சத்தோடும் தொழுவுரம் பெற்ற பாத்திகள் தாக்குப்பிடித்தன.

உங்கள் ஏக்கருக்கான கணக்கு இது. தழைச்சத்து 60 கிலோ வேண்டும். 100 கிலோ டிஏபியிலிருந்து 18 கிலோ வந்துவிட்டது, ஒரு மூட்டை யூரியாவிலிருந்து ஏறக்குறைய 21 கிலோ. ஆகமொத்தம் 39. மிச்சம் 21 கிலோ, சரியாக இன்னும் ஒரே ஒரு மூட்டை யூரியா. அதை இரண்டாகப் பிரியுங்கள். புதுக் குருத்து பச்சையான பிறகு அரை மூட்டை, கதிர் உருவாகும் பருவத்தில் அரை மூட்டை. ஒவ்வொரு தடவையும் 15, 16 கிலோ பொட்டாஷ் கூடவே. உப்புத் தண்ணீர் பாயும் வயல் என்பதால் பொட்டாஷை ஒரே தடவையில் கொட்ட வேண்டாம். மணிச்சத்து இந்தப் போகத்துக்கு இனி எதுவும் வேண்டாம். மேலுரமாகக் காம்ப்ளக்ஸ் போடும் பழக்கம் இருந்தால் இந்த வருஷம் விட்டுவிடுங்கள்.

யூரியா போடுகிற முறையும் அளவைப் போலவே முக்கியம். தண்ணீர் நிறைய நிற்கும் வயலில் பகல் வெயிலில் வீசினால், பாசி கரியமில வாயுவை உறிஞ்சுவதால் தண்ணீரின் காரத்தன்மை ஏறி, தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். வயலை வாரக் கணக்கில் காயப்போட்டு மறுபடி தண்ணீர் கட்டினால், இடையில் உருவான நைட்ரேட் வளிமண்டல நைட்ரஜனாகிப் போய்விடும். நாம் போடுவதில் பயிர் எடுப்பது பல வயல்களில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான். தண்ணீரை வடித்துச் சேறும் சகதியுமாக இருக்கும்போது மாலையில் போட்டு, மறுநாள் லேசாகத் தண்ணீர் கட்டுங்கள். யூரியா, ஜிப்சம், வேப்பம் புண்ணாக்கு மூன்றையும் 5:4:1 என்று கலந்து ஒரு இரவு வைத்துப் போடுவது நம் ஊரில் பழகிய முறை. இப்போது வரும் யூரியா வேம்பு பூசியது என்றாலும், அந்தக் கலவைக்கு இன்னும் பயன் உண்டு என்பது என் கருத்து.

எப்போது போடுவது என்று முடிவெடுக்க, பச்சை நிறத்தின் படிகளை எண்ணிட்டுக் காட்டும் இலை வண்ண அட்டை நல்ல துணை. நட்ட 14-ம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை, காலையில், நேரடி வெயில் படாமல் உங்கள் உடம்பு நிழலில், முழுதாக விரிந்த மேல் இலையை 10 குத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆறோ அதற்கு மேலோ 4-ம் எண்ணுக்குக் கீழே இருந்தால் யூரியா, இல்லையென்றால் வேண்டாம். வெள்ளைப் பொன்னி ரகத்துக்கு அந்த எண் 3. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். ஜிங்க்கோ கந்தகமோ குறைந்து வெளிறிய பயிரில் இந்த அட்டை ஏமாற்றும், யூரியா போடு என்றே சொல்லும். மணிச்சத்துக் குறைந்த பயிர் கரும்பச்சையாக நின்று எதிர்ப்பக்கம் ஏமாற்றும். மற்றவை சரியாக இருக்கும் வயலில்தான் அட்டையின் பேச்சைக் கேட்கலாம்.

அடுத்த சம்பாவுக்கு ஏக்கருக்கு 40 கிலோவுக்கு மேல் டிஏபி தேவைப்படாது; மண்ணில் மணிச்சத்து உயர்வு என்று வந்தால் அதிலும் குறைக்கலாம். கோடையில் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் நேரத்தில் மடக்கி உழுதால் தழைச்சத்தில் ஒரு பகுதியை அதுவே தரும். ஆனால் காரத்தன்மை உள்ள உங்கள் மண்ணில் மடக்கிய மறுநாளே நடாதீர்கள். பசுந்தழை அழுகும்போது வெளியாகும் கரியமில வாயு பைகார்பனேட்டாகி, கொஞ்ச நாளுக்கு ஜிங்க் பற்றாக்குறையை அதிகமாக்கும். ஒரு வாரம், பத்து நாள் மட்கவிட்டு நடுங்கள். வேளாண்மைத் துறையின் நுண்ணூட்டக் கலவை வாங்கிப் போடுபவர்கள் ஜிங்க் சல்பேட் தனியாகப் போட வேண்டியதில்லை, அதிலேயே இருக்கிறது.

மண் மாதிரியை அறுவடை முடிந்ததும், அடுத்த உரம் விழுவதற்கு முன் எடுங்கள். வரப்போரம், எருக்குவியல் கிடந்த இடம், மர நிழல் தவிர்த்து 10, 15 இடத்தில் மேலே உள்ள சருகை ஒதுக்கிவிட்டு, ஆங்கில வி எழுத்துப்போல 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, பக்கச் சுவரிலிருந்து ஒரு சீவல் மண் எடுத்து, எல்லாவற்றையும் கலந்து அரை கிலோ ஆக்குங்கள். பயிர் திட்டாக நின்ற இடத்து மண்ணைத் தனிப் பொட்டலமாகக் கட்டுங்கள், நல்ல இடத்து மண்ணோடு சேர்க்க வேண்டாம். முக்கியமாக, தகர வாளி வேண்டாம், பிளாஸ்டிக் வாளியில் கலக்குங்கள். தகரத்தில் ஜிங்க் பூச்சு இருக்கும், அது மண்ணில் ஒட்டினால் முடிவு தப்பாக வரும். போர் தண்ணீரையும் மோட்டார் ஓடி பத்து நிமிஷம் கழித்து ஒரு லிட்டர் பிடித்து, அதே நாளில் மாவட்ட மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். பைகார்பனேட் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.